பக்கவாதமும் ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களும்

ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்கள் என்பவை, உடலில் தோன்றும் தனி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருட்கள் ஆகும். உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை இவற்றுள் இயற்கையாகக் கிடைப்பவை. பக்கவாதத்தின்போது மூளையில் ஏற்படும் சேதத்தில் தனி உறுப்புகளுக்குப் பங்கு உண்டு. எனவே, இப்பொருட்கள் அந்நோயைத் தடுக்குமா, குணப்படுத்துமா என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. ஆய்வகத்தில் கிடைத்த நற்பயன், நோயாளிகளிடம் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

தனி உறுப்புகள்

இணை சேராத எலக்ட்ரானைக் கொண்ட அணு அல்லது மூலக்கூறு தனி உறுப்பு எனப்படும். 1900ஆம் ஆண்டில் மோசஸ் கோம்பெர்க் முதல் கரிமத் தனி உறுப்பை இனங்கண்டார். இவை அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கின்றன. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு தானே ஒரு தனி உறுப்பாக மாறுவதால் தொடர்வினை உண்டாகிறது.

உயிரணுக்களின் இழைமணிகளில் ஆற்றல் உருவாகும்போது சூப்பராக்சைடு என்னும் தனி உறுப்பு சிறிதளவு தோன்றுவது இயல்பே. அதை ஐதரசன் பெராக்சைடாக மாற்றும் நொதியின் செயலை 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர். ஐதரசன் பெராக்சைடைக் கேட்டலேசு முதலிய வேறு நொதிகள் நீராக மாற்றுகின்றன.

மூளையில் ஏற்படும் சேதம்

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. எளிதில் ஆக்சிசனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்களும் அதில் மிகுதி.

பக்கவாதம் இருவகைப்படும். குருதிக்குழாய் அடைபடுவதால் வருவது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி கசிவதால் வருவது மற்றொன்று. முதல் வகையில், அடைப்பு நீங்கிக் குருதி மீண்டும் பாயும்போது தனி உறுப்புகள் பெருமளவில் உருவாகி, உயிரணுச் சவ்வுகளையும் புரதங்களையும் டி. என். ஏ.வையும் சிதைக்கின்றன. எனினும் குருதியோட்டத்தை மீட்காவிட்டால் அப்பகுதி முழுவதும் இறந்துவிடும் என்பதால், அடைப்பை நீக்குவதே முதன்மைச் சிகிச்சையாகும்.

தடுப்பு ஆய்வுகள்

பிரித்தானியாவில் 20,536 பேரிடம் நடந்த இதயப் பாதுகாப்பு ஆய்வில், உயிர்ச்சத்து ஈ, உயிர்ச்சத்து சி, பீட்டா கரோட்டின் ஆகியவை மாத்திரைகளாக ஐந்து ஆண்டுகள் தரப்பட்டன. 2002இல் வெளியான முடிவின்படி, பக்கவாதமோ மாரடைப்போ குறையவில்லை.

உயிர்ச்சத்து ஈ குறித்த 9 ஆய்வுகளின் தொகுப்பு 2010இல் வெளியானது. அடைப்பினால் வரும் பக்கவாதம் 10 விழுக்காடு குறைந்திருந்தது. குருதிக்கசிவினால் வரும் பக்கவாதம் 22 விழுக்காடு கூடியிருந்தது. பின்னது அரிதெனினும் பெரும்பாலும் கடுமையானது. இதயக் குருதிக்குழாய் நோய்களைத் தடுப்பதற்காகப் பீட்டா கரோட்டினையும் உயிர்ச்சத்து ஈயையும் மாத்திரையாக உட்கொள்ள வேண்டாம் என அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022இல் பரிந்துரைத்தது.

சிகிச்சை ஆய்வுகள்

தனி உறுப்புகளைப் பிடிக்கும் 'என்எக்ஸ்ஒய்-059' என்னும் செயற்கை மருந்து விலங்குகளில் நற்பயன் தந்தது. 2006இல் வெளியான முதல் பெரிய ஆய்வும் நம்பிக்கையூட்டியது. ஆனால் ஏறத்தாழ 3,300 நோயாளிகளைக் கொண்ட இரண்டாம் ஆய்வில் (2007) பயன் காணப்படவில்லை. உடலில் இயற்கையாகவே உள்ள எதிர்ப்பொருளான யூரிக் அமிலத்தை வைத்து எசுப்பானியாவில் நடந்த ஆய்வும் (2014) உறுதியான பயனைக் காட்டவில்லை. எடரவோன் என்னும் மருந்துக்கு சப்பானில் 2001இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

விலங்குகளுக்கு மருந்து பெரும்பாலும் அடைப்பு ஏற்பட்டவுடன் தரப்படுகிறது. மனிதர்களோ பல மணி நேரம் கழித்தே மருத்துவமனையை அடைகின்றனர். இம்முரண்பாட்டுக்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

உணவும் மாத்திரையும்

காய்கறி, பழங்களை மிகுதியாக உண்போரிடம் பக்கவாதம் குறைவாகக் காணப்படுகிறது. இவ்வுணவுகளில் ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களுடன் பொட்டாசியமும் நார்ச்சத்தும் உள்ளன. எனவே அப்பயனை ஒரு தனிப்பொருளுக்கு உரியதாக்கி, அதனை மட்டும் மாத்திரையாக உட்கொள்வது உணவுக்கு ஈடாகாது. நெல்லிக்காய், கொய்யா, கீரை வகைகள் ஆகியவற்றை உணவாக உண்பது நன்று. ஆனால் அவை குருதி அழுத்த மருந்துக்கு மாற்று அல்ல. குருதி உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் உயிர்ச்சத்து ஈ மாத்திரைகளை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டால் குருதிக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும்.

முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து, பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும். எனவே அறிகுறி தோன்றியவுடன் வீட்டு மருந்து எதையும் முயலாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

பக்கவாதம்
உயர் குருதி அழுத்தம்
உயிர்ச்சத்து ஈ
இழைமணி