எல்லைக்கோடும் இசைவாணரும்: அமெரிக்கக் கன்ட்றி இசையுட் புகுந்தோர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசை வகைகளுக்கிடையேயுள்ள எல்லைகள் இசையின் இயல்பிலிருந்தே எழுந்தவை என்பது பொதுவான எண்ணம். ஐக்கிய அமெரிக்காவின் கன்ட்றி இசை வரலாறு இவ்வெண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. பொப் இசையிலும் றொக் இசையிலும் புகழ்பெற்ற பலர் அவ்விசையுட் புகுந்துள்ளனர். அவருட் சிலர் வரவேற்கப்பட்டனர். சிலர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய, அவ்வாயில் எவரால் அமைக்கப்பட்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

1920களில் தென் மாநிலங்களின் கிராமிய இசையைப் பதிந்து விற்கத் தொடங்கிய இசைத்தட்டுக் கம்பனிகள், வெள்ளையர் பாடியவற்றை ஒரு வரிசையாகவும், கறுப்பர் பாடியவற்றை 'இன இசைத்தட்டுக்கள்' என்னும் பிறிதொரு வரிசையாகவும் பிரித்து விளம்பரஞ் செய்தன. நடைமுறையிலோ இவ்விரு மரபுகளும் கலந்தே வளர்ந்தன. கன்ட்றி இசையின் அடையாளமாகக் கொள்ளப்படும் பாஞ்சோ, ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள் வழிவந்த கருவியாகும். நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' வானொலி நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களுள் ஒருவரான டெபோர்ட் பெய்லி, கறுப்பின ஹார்மோனிக்காக் கலைஞர். 1941இல் அவர் அந்நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இப்பின்னணியிலேயே றே சார்ள்ஸின் முயற்சி முக்கியத்துவம் பெறுகின்றது. சிறுவயதிலேயே ஒப்ரி நிகழ்ச்சியை வானொலியிற் கேட்டு வளர்ந்த இக்கறுப்பினக் கலைஞர், 1962இல் கன்ட்றிப் பாடல்களைப் பெரும் வாத்தியக் குழுவின் துணையுடன் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவர் பாடிய டொன் கிப்சனின் பாடலொன்று 'பில்போர்ட்' சஞ்சிகையின் பொதுப்பட்டியலில் 5 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. எனினும், அதே சஞ்சிகையின் கன்ட்றிப் பட்டியலில் அஃது இடம்பெறவில்லை. பாடல் நாஷ்வில்லுக்குரியது, பாடியவர் அதற்கு உரியவராகக் கொள்ளப்படவில்லை.

றொக் இசையிலிருந்து வந்தோரின் அனுபவமும் ஒரே தன்மையதன்று. ஜெரி லீ லூயிஸ், கொன்வே ட்விட்டி ஆகிய தென்புலத்து வெள்ளையர் 1960களின் பிற்பகுதியில் கன்ட்றிப் பாடகராகி நிலைபெற்றனர். ஆனால் 1968இல் ஒப்ரி மேடையேறிய கலிபோர்னியாவின் 'பேர்ட்ஸ்' குழுவினரை அவையோர் நட்புடன் ஏற்கவில்லை. நீள்முடி வளர்த்த இளைஞர் எதிர்ப்பின் சின்னமாகக் கருதப்பட்ட காலம் அது. பிறப்பிடமும் தோற்றமும் இங்கு நுழைவுச் சீட்டாயின.

1974இல் ஒஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜோன், கன்ட்றி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருதைப் பெற்றபோது முரண்பாடு வெளிப்படையாயிற்று. ஜோர்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் முதலியோர் ஒன்றுகூடிக் கன்ட்றிக் கலைஞருக்கெனத் தனியமைப்பொன்றை நிறுவினர். அடுத்த ஆண்டு ஜோன் டென்வருக்கு உயர்விருது அறிவிக்கவந்த சார்லி றிச், அவரது பெயர் தாங்கிய தாளை மேடையிலேயே எரித்தார். அதனைப் பலர் கண்டனமாகக் கொண்டனர். றிச் தாமும் றொக் இசையிலிருந்து வந்தவர் என்பது கவனத்திற்குரியது. இவ்வெதிர்ப்பை வெறும் குறுகிய மனப்பான்மை எனத் தள்ளுதல் பொருந்தாது. வானொலி நேரம் வரையறைக்குட்பட்டது. பொப் இசைக்கு இரு சந்தைகளும் திறந்திருக்க, மரபுவழிப் பாடகருக்கு இருந்தது ஒன்றே. வாழ்க்கைத்தொழில் பற்றிய நியாயமான அச்சம் அதில் இருந்தது.

ஆயினும் அவ்வச்சத்தின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. சார்ளி பிறைட் 1971இல் அச்சங்கத்தின் உயர்விருதைப் பெற்றமை, கதவு முற்றாக மூடப்பட்டிருக்கவில்லை என்பதைக் காட்டும். ஆனால் 2019இல் லில் நாஸ் எக்ஸின் பாடல் 'பில்போர்ட்' கன்ட்றிப் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டது. 2024இல் பியோன்சே வெளியிட்ட தொகுப்பு கன்ட்றித் தொகுப்புக்களின் பட்டியலில் முதலிடம் பெற்றும், அவ்வாண்டு அச்சங்கத்தின் விருதுக்கு ஒரு பிரிவிலேனும் முன்மொழியப்படவில்லை. 2025இல் அதே தொகுப்பு சிறந்த கன்ட்றித் தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது. றே சார்ள்ஸ் கன்ட்றி இசையின் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டது 2022இலேயே. அவர் மறைந்து அப்போது ஏறத்தாழ 18 ஆண்டுகள் கடந்திருந்தன.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். 'உட்புகுந்தோர்' எனப்பட்ட பலர், வணிகர் கோடு கீறுவதற்கு முன் தம் முன்னோருக்கும் உரியதாயிருந்த இசைக்கே மீண்டனர். ஒரு கலைமரபைக் காக்க முனைவோர், தாம் காப்பது மரபையா அன்றி அதன்மேல் ஒட்டப்பட்ட விற்பனைச் சீட்டையா என வினவுதல் அவசியமாகும்.