பெயர்களும் மாறிகளும் பொருள் பெறும் முறை

ஒன்றைச் சுட்டுவதற்கு மொழியில் உள்ள இரு கருவிகள் பெயரும் மாறியும். ‘சேலம்’ என்று யார் சொன்னாலும் அதே ஊர்தான். இயற்கணிதத்தில் வரும் ‘எக்ஸ்’ அப்படியல்ல. கணக்குக்குக் கணக்கு அதன் மதிப்பு மாறும். இரண்டுக்கும் சுட்டும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது மொழி மெய்யியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பகுத்தபோது இந்தக் கேள்வியின் வாசலைத் தொட்டுவிட்டது.

காரணம் பெயரை உண்டாக்கலாம், ஆனால் பெயர் அதை நம்பி நிற்பதில்லை என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வாதிட்டார். சேலத்தில் ‘அஞ்சு ரோடு’ சந்திப்பில் ஒரு சாலையை நாளை மூடினாலும் நடத்துநர் ‘அஞ்சு ரோடு எறங்கு’ என்றுதான் குரல் கொடுப்பார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எதிர்த்திசையில் போனார். ஒவ்வொரு சாதாரணப் பெயருக்குள்ளும் ஒரு வருணனை ஒளிந்திருக்கிறது என்பது 1905 முதல் அவர் வளர்த்த கொள்கை. அதன்படி, வெ. இராமலிங்கம் பிள்ளை என்றால் ‘மோகனூரில் பிறந்து, சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவர்’ என்பது போன்ற ஒரு விவரம். சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டன் சொற்பொழிவுகளில் இதை மறுத்தார். அரசவைப் பதவி அவருக்குக் கிடைக்காமலே போயிருந்தாலும் அவர் அவர்தானே? பெயர் சூட்டும் நிகழ்வொன்றில் தொடங்கி, வாய்க்கு வாய் கைமாறும் வழக்குச் சங்கிலியே பெயரை ஆளோடு கட்டுகிறது என்றார். வருணனையாகப் பிறந்த ‘நாமக்கல் கவிஞர்’கூட நாளடைவில் பெயராகவே இறுகிவிட்டது.

இந்தச் சங்கிலி ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும்? அதற்குச் சேலமே சான்று. 1916இல் தொடங்கிய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை மக்கள் அதன் ஆங்கில இதழின் பெயரால் ‘ஜஸ்டிஸ் கட்சி’ என்றே அழைத்தார்கள். 1944 ஆகஸ்டு 27 அன்று சேலம் மாநாட்டில் பெரியார் தலைமையில் அது திராவிடர் கழகம் ஆனது. ஆங்கிலேயர் தந்த பட்டங்களையும் பெயருக்குப் பின்னே வரும் சாதிப் பட்டத்தையும் துறக்க வேண்டும் என்றும் முடிவானது. ஏற்காத ஒரு பிரிவினர் தாங்களே அசல் ஜஸ்டிஸ் கட்சி என்று உரிமை கொண்டாடினார்கள். அந்தப் பெயரில் பி. டி. ராஜன் 1952 தேர்தலில் நின்று வென்றார். 1944க்குப் பிறகு ‘ஜஸ்டிஸ் கட்சி’ சுட்டியது எதை? வருணனைக் கொள்கையால் இதைத் தீர்க்க முடியாது. ‘1916இல் தொடங்கிய கட்சி’ என்ற வருணனையை இரு தரப்பும் கோரலாம். சாதிப் பட்டத்தை நீக்கிய முடிவோ கிரிப்கியின் பக்கம் நிற்கிறது: பெயரோடு ஒட்டியிருந்த செய்தி போயிற்று, ஆள் மாறவில்லை.

மாறிக்குச் சூட்டு நிகழ்வு கிடையாது. அதற்கு மதிப்பு தருவது அதைக் கட்டும் ‘ஒவ்வொரு’ போன்ற அளவைச் சொல்லும், அதற்கு ஒரு பொருளை ஒதுக்கும் மதிப்பீடும்தான். இதை முறைப்படுத்தியவர்கள் பிரெகெ (1879), டார்ஸ்கி (1933). ‘நாமக்கல்லில் ஒவ்வொரு லாரி முதலாளியும் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வார்’ என்ற வாக்கியத்தில் ‘தன்’ எந்தத் தனி ஆளையும் சுட்டவில்லை. ‘ஒவ்வொரு’ என்ற சொல்லால் கட்டுண்டு, முதலாளிக்கு முதலாளி மதிப்பு மாறுகிறது. அதே இடத்தில் ‘அவர் வண்டியை’ என்றால் பேச்சில் முன்பே வந்த வேறொருவர் நுழைய வழியுண்டு. தமிழ் இலக்கணிகள் மாறியை வேறொரு துறையில் கையாண்டிருக்கிறார்கள்: ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்னும்போது ‘செய்’ குறிப்பிட்ட வினை அன்று, உழுது, நட்டு, வந்து எல்லாம் அதில் அடங்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘நம்மில் 1-வது நபர்’ என்ற தொடரும் இத்தகையதே. முகப்பில் ஒரு பெயரோடு பிணைந்து, கடைசிப் பக்கம் வரை அவரையே சுட்டும். அடுத்த பத்திரத்தில் அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பெயர்களே ஒருவகை மாறிகள்தாம் என்று சாமுவேல் கம்மிங் 2008இல் முன்வைத்தார். கொங்குப் பகுதி வழக்கு இதைக் கவனிக்க வைக்கிறது. ஒரே ஊரில் பழனிச்சாமிகள் பலர் இருப்பது சகஜம். யாரைச் சொல்கிறோம் என்பதைப் பேச்சின் போக்கே முடிவுசெய்யும். முடியாதபோது தோட்டத்தின் பெயர் முன்னே வந்து ‘மேட்டுக்காட்டுப் பழனிச்சாமி’ ஆகிவிடுவார்.