சார்பு முதியோர் மருத்துவப் பணி (விருதுநகர் மாவட்டம்)

பிறர் துணையின்றி எழவோ நடக்கவோ இயலாத முதியோருக்கு மருத்துவமனையிலும் வீட்டிலும் அளிக்கப்படும் சிகிச்சை, பராமரிப்பு. 2010-11இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கை முதியோர் பிரிவை வகுத்தது. மருத்துவமனை வசதியைப் பொறுத்தவரை, விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது.

ஆனால் பட்டாசு, தீப்பெட்டித் தொழில் பரவிய சிவகாசி வட்டாரத்தில் மகனும் மருமகளும் பகலில் ஆலைக்குச் சென்றுவிட, படுத்த படுக்கையான முதியவரைப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துவர ஆள் இருப்பதில்லை. எனவே இங்கு படுக்கை எண்ணிக்கையைவிட வீட்டுச் சேவையே முக்கியம். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதற்கான மாநிலத் திட்டம்: தன்னார்வலர் வாசலிலேயே இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருவார்; இயன்முறை சிகிச்சை, நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. சிவகாசியிலுள்ள தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) மருத்துவமனை, காப்பீடு பெற்ற தொழிலாளரைச் சார்ந்த பெற்றோருக்கும் உரியது. கூலிக்கு வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டி முதுமையடைந்தோர் பெரும்பாலும் அந்தக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றனர்.