மூன்றாம் மணியும் மூன்றரை மணியும்



கடந்த ஞாயிறு அதிகாலை மூன்று மணி ஆனபோது ஜேர்மனியின் மணிக்கூடுகளெல்லாம் மீண்டும் இரண்டு மணிக்குத் திரும்பின. முதல் உலகப் போரின் நடுவில், 1916ஆம் ஆண்டு, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்கத்தோடு இந்நாடு தொடங்கிய கோடைகால நேரம், இடையிடையே கைவிடப்பட்டு, 1980 முதல் தொடர்ந்து நடைமுறையில் இருக்கிறது. கைத்தொலைபேசியை நம்பியவர்கள் திருப்பலிக்குச் சரியாக வந்தார்கள். சமையலறைச் சுவரை நம்பிய முதியவர்கள் சிலர் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து, பூட்டிய கோவில் வாசலில் குளிரில் நின்றார்கள். கதவைத் திறந்தபோது பீடப்பணிச் சிறுவன் ஒருவன், "தமிழர் நேரத்திலை இண்டைக்குத்தான் ஆக்கள் முந்தி வந்திருக்கினம், பாதர்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அறைக்குத் திரும்பிய பின்னர் அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. நேரத்தைப் பற்றிய அக்கறையே இல்லாத ஓர் இனத்தில் பிறந்துவிட்டோம் என்று நம் பிள்ளைகள் உண்மையாகவே நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே இவ்வாரம் மறையுரைக் குறிப்பை ஒதுக்கிவைத்து, பொழுதை மனிதர் எப்படியெல்லாம் எண்ணினார்கள், எந்தச் சொற்களால் சுட்டினார்கள் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் 'மணி' என்ற சொல்லையே பாருங்கள். கோபுரத்தில் தொங்கி ஒலிப்பதும் மணி. அது எத்தனை முறை ஒலித்தது என்ற எண்ணிக்கையும் மணி. காதால் கேட்ட பொருளின் பெயர் காலத்தின் பெயராகிவிட்டது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இடைக்கால இலத்தீனில் 'குளொக்கா' என்றால் ஆலயமணி. அதிலிருந்தே ஆங்கிலத்தின் 'குளொக்' பிறந்தது. நோர்வேயில் உறவினர் உள்ளவர்கள் "குளொக்கா என்ன?" என்ற பொருளில் அங்குள்ளோர் நேரம் விசாரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். நாம் "மணி என்ன?" என்று கேட்பதும் அதுவும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. ஒருவரையொருவர் அறியாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

மணி அடிக்கும் பொறி வருமுன் நம்மிடம் நாழிகை இருந்தது. இரவும் பகலும் சேர்ந்த ஒரு நாளுக்கு 60 நாழிகை. சூரிய உதயத்திலிருந்து எண்ணத் தொடங்குவர். ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம். சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில், போர்ப் பாசறையில் தங்கியிருக்கும் அரசனுக்கு, நீர்க்கலத்தைக் கொண்டு கணித்து நாழிகையை அறிவிப்பவர்கள் வருகிறார்கள். போர்க்களத்திலும் நேரங்கணிக்க ஆள் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தொல்காப்பியமோ நாழிகைக் கணக்கோடு நில்லாமல் வேறொன்றும் செய்கிறது: மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என்று ஒரு நாளை ஆறாகப் பகுத்து, ஒவ்வொரு பொழுதையும் ஒரு நிலத்தோடு சேர்க்கிறது. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். எந்நேரம் என்று கேட்டால் எவ்விடம் என்றும் சொல்ல வேண்டிய ஒரு முறை அது.

நம் தீவிலும் அந்த நீர்க்கலம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்துத் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் அதைக் குறித்திருக்கிறார். அடியில் நுண்ணிய துளையிட்ட செம்புக் கிண்ணம் ஒன்றை நீர்ப் பானையில் மிதக்கவிடுவர். துளை வழியே நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு 'பெய'. பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது. இன்றும் சிங்களத்தில் 'பெய' என்ற சொல் உண்டு. ஆனால் அது இப்போது அறுபது நிமிடத்தைக் குறிக்கிறது. சொல் மாறவில்லை, அது அளக்கும் காலம் நீண்டுவிட்டது.

இனி நற்செய்திக்கு வருவோம். இயேசுவின் காலத்தில் பகற்பொழுது, சூரிய உதயம் முதல் மறைவு வரை பன்னிரண்டு பங்காக எண்ணப்பட்டது. கோடையில் பகல் நீளமாதலால் பங்கும் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். உரோமை நகரில் கோடையின் உச்சத்தில் அவர்களது ஒரு மணி நமது 75 நிமிடம். குளிர்காலத்தின் நடுவில் ஏறத்தாழ 45 நிமிடம். ஆகவே மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உரிமையாளர் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், இறுதியாகப் பதினோராம் மணி வேளைகளில் கூலியாள்களைத் தேடிச் செல்கிறார். நம் தாய்மார் கைகளில் இருந்த பழைய விவிலியத்தில் 'பதினோராம் மணி' என்றே இருந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அதை இன்றைய கணக்குக்கு மாற்றி 'ஐந்து மணி' என்கிறது. விளங்கிக்கொள்ள எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எனக்குப் பழையதே பிடித்திருக்கிறது. ஐந்து மணி என்றால் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு நேரம் மட்டுமே. பதினோராம் மணி என்றால், பன்னிரண்டில் பகல் முடிகிறது, மீதி ஒன்றுதான், அந்த ஒன்றிலும் ஒருவர் சந்தைவெளியில் வேலை கிடைக்காமல் நிற்கிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது. (பிந்தி வருவோருக்கும் முழுக்கூலி என்ற இவ்வுவமையை, நன்மை வழங்கும் வேளையில் கோவிலுக்குள் நுழையும் சிலர் என்னிடமே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழி நேரில்.)

இதனோடு தொடர்புடைய ஒரு கேள்வியை விவிலிய வகுப்பில் பலரும் கேட்டிருக்கிறீர்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது மூன்றாம் மணி என்கிறார் மாற்கு. யோவானோ, ஏறக்குறைய ஆறாம் மணிக்கு, அதாவது நண்பகலில், இயேசு இன்னும் பிலாத்து முன் நிற்பதாக எழுதுகிறார். எது சரி? உரோமையர் நள்ளிரவிலிருந்து எண்ணினார்கள், யோவான் அந்தக் கணக்கைப் பயன்படுத்தினார், ஆகவே அது காலை ஆறு மணி என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. இது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. உரோமையர் திகதியைத்தான் நள்ளிரவில் மாற்றினார்கள்; பகலின் மணிகளை அவர்களும் விடியலிலிருந்தே எண்ணினார்கள். நாழிகை வட்டில் இல்லாத எளிய மக்கள் பகலை நான்கு பெரும் பங்காகப் பிரித்து மூன்று, ஆறு, ஒன்பது என்றே பேசினார்கள் என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். அதற்கும் மேலாக, யோவான் அந்நாளைப் பாஸ்கா விழாவுக்கு ஆயத்த நாள் என்கிறார். கோவிலில் பாஸ்கா ஆடுகளை வெட்டும் பிற்பகலை நோக்கி அவர் நம்மை அழைத்துச் செல்கிறார். மணியைக் கொண்டு அவர் பேசுவது செம்மறியைப் பற்றி.

துறவற மடங்கள் இதே மணிகளைச் செபமாக்கின. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குமுறை, குளிர்காலத்தில் துறவியர் இரவின் எட்டாம் மணியில் எழ வேண்டும் என்கிறது. உண்ணாநோன்பு நாள்களில் ஒன்பதாம் மணிச் செபம் வரை, அதாவது நம் பிற்பகல் மூன்று வரை, உணவில்லை. பசி பொல்லாதது. காலப்போக்கில் அந்தச் செபம் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து நண்பகலுக்கே வந்துவிட்டது. இலத்தீனில் ஒன்பதாம் மணிக்குப் பெயர் 'நோனா'. ஆங்கிலத்தில் நண்பகலைக் குறிக்கும் 'நூன்' அதிலிருந்து வந்தது. மூன்று மணியின் பெயர் பன்னிரண்டு மணிக்கு ஏறிவிட்டது! ஆறாம் மணியான 'செக்ஸ்தா' ஸ்பெயினில் 'சியெஸ்தா' என்னும் மதிய உறக்கமானது. செபமணி ஒன்று சாப்பாட்டுக்கும் மற்றொன்று தூக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

விடியலிலிருந்து எண்ணும் பழைய வழக்கம் முற்றிலும் மறைந்துவிட்டதென எண்ண வேண்டாம். நம் மறைமாவட்டத்தில் பணியாற்றும் தன்சானிய நாட்டுக் குரு ஒருவர் ஊரிலுள்ள தம் தாயோடு பேசும்போது, காலை ஏழு மணியை 'சா மோஜா', அதாவது மணி ஒன்று, என்பார். நண்பகல் அவர்களுக்கு மணி ஆறு. எத்தியோப்பியரும் இவ்வாறே. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் எழுவதால் அங்கு இது வசதியான கணக்கு. இத்தாலியரோ நெடுங்காலம் சூரிய மறைவிலிருந்து எண்ணினார்கள். புளோரன்ஸ் பேராலயத்தின் உட்சுவரில் 1443இல் பாவோலோ உச்செல்லோ வரைந்த மணிக்கூட்டு முகம் இன்றும் அப்படியே இயங்குகிறது. அதில் 24 மணிகள், முள்ளும் இடப்புறமாகச் சுற்றும். 1786இல் இத்தாலிக்குச் சென்ற கோத்தே இந்தக் கணக்கில் குழம்பி, தமக்கென ஒரு வட்டப்படம் வரைந்துகொண்டார். கோத்தேக்கே படம் தேவைப்பட்டது என்பது, அகதியாக வந்த காலத்தில் நிலையத்தில் தொடருந்தைத் தவறவிட்ட நம்மவர்க்கு ஓர் ஆறுதல்.

அரசும் நேரத்தை மாற்றும். 1996 மே மாதம் இலங்கை அரசு மின்சாரத்தைச் சேமிக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னே இழுத்தது. வன்னியில் அதை ஏற்கவில்லை. பழைய நேரமே நீடித்தது. அப்போது நான் அங்கே பணியில் இருந்தேன். திருமண அறிவித்தலில்கூட 'பழைய நேரம்' என்று எழுதுவோம். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் ஊருக்குப் போன உங்களிற் பலர், ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னே திருப்பியிருப்பீர்கள். 2006 ஏப்பிரலில் தீவு முழுவதும் மறுபடி பழைய நேரத்துக்கே வந்தது.

அரைமணியின் அருமையை அப்படி அறிந்திருந்த நான்தான், இந்நாட்டில் ஒரு பாதியைப் புரிந்துகொள்ளாமல் பெரும்பிழை செய்தேன்.

தமிழில் மூன்றும் அரையும் சேர்ந்தால் மூன்றரை. கடந்துபோனதை எண்ணி, அதன்மேல் பாதியைக் கூட்டுகிறோம். ஜேர்மன் மொழியில் 'ஹல்ப் ட்றை' என்றால், சொல்லளவில் 'பாதி மூன்று', பொருளளவில் இரண்டரை. இரண்டு மணிக்குப் பின் மூன்றாம் மணி தொடங்கிவிட்டது, அதில் பாதி நிரம்பியிருக்கிறது என்பது அதன் உள்ளே இருக்கும் கணக்கு. ரஷ்யர் இன்னும் தெளிவாக 'மூன்றாவதின் பாதி' என்றே சொல்கிறார்கள். ஒன்றரைக்கு ஜேர்மன் மொழியிலுள்ள 'அண்டர்ட்ஹல்ப்' என்ற பழஞ்சொல்லின் பொருளும் 'இரண்டாவதின் பாதி' என்பதே. நற்செய்தியின் 'மூன்றாம் மணி', 'பதினோராம் மணி' என்பனவும் இதே மனப்போக்கில் பிறந்தவை: மணி என்பது கடந்துவிட்ட மைல்கல்லன்று, நாம் உள்ளே நுழைந்திருக்கும் அறை. இதையெல்லாம் இன்று அழகாக எழுதுகிறேன். 1998ஆம் ஆண்டு குளிர்காலத்தில், இங்கு வந்து நான்கு மாதமே ஆகியிருந்தபோது, எனக்கு இது தெரியாது.

நம் இளைஞன் ஒருவன் வீதி விபத்தில் இறந்திருந்தான். அடக்க நேரத்தைத் தொலைபேசியில் 'ஹல்ப் ட்றை' என்றார்கள். நான் 'மூன்றரை' என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். மூன்றேகாலுக்கே கல்லறைத் தோட்டத்தை அடைந்து, கால்மணி முந்திவிட்டேன் என்ற நிறைவோடு உள்ளே நடந்தேன். பணியாளர்கள் மண்ணை நிரவிக்கொண்டிருந்தார்கள். எனக்காகச் சற்றுக் காத்திருந்துவிட்டு, ஜேர்மன் திருத்தொண்டர் ஒருவர் தம் மொழியில் செபங்களைச் சொல்லி அனைத்தையும் முடித்துச் சென்றிருந்தார். அடுத்த அடக்கத்துக்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அவர் மீது குறையில்லை. இளைஞனின் தாய் மட்டும் அங்கேயே நின்றார். என்னை ஏசவில்லை.

"சுவாமி, என்ரை பிள்ளைக்குத் தமிழிலை ஒரு செபம்கூடச் சொல்லேல்லை" என்றார்.

ஈரமண்ணின் அருகே நின்று, அடக்கச் செபங்களை முதலிலிருந்து இறுதிவரை தமிழில் சொன்னேன். அந்தத் தாய் ஒவ்வொன்றுக்கும் "ஆமென்" என்றார். பணியாளர்கள் மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, முடியும்வரை காத்து நின்றார்கள்.

நவம்பர் 1ஆம் திகதி பிற்பகல் கல்லறை ஆசீர்வாதம் நடைபெறும். ஆண்டுதோறும் அந்தத் தாய் எல்லோருக்கும் முன்பாக வந்து வாயிலருகே இருப்பார். நான் வரும்போது தம் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பார். நேரத்தை இம்முறையும் இலக்கத்திலேயே தருகிறேன்: 14.30. மெழுகுதிரிகளைக் காற்றுப்படாத சிவப்புக் கூடுகளோடு கொண்டுவாருங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை