கிறிஸ்து ஆலயம், மலாக்கா

மலாக்கா டச்சுச் சதுக்கத்திலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயம். இன்றும் வழிபாடு நடக்கும் மலேசியச் சீர்திருத்தத் திருச்சபை ஆலயங்களில் மிகப் பழையது. டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து நகரைக் கைப்பற்றியதன் நூற்றாண்டு நினைவாக 1741இல் தொடங்கி 1753இல் கட்டி முடித்தனர். 1838இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இதனை ஆங்கிலிக்கன் ஆலயமாக அர்ப்பணம் செய்தார். கூரை உத்தரம் ஒவ்வொன்றும் ஒற்றை மரத்தில் செதுக்கியது. தரையில் பழைய கல்லறைக் கற்கள் பதிந்துள்ளன. செந்நிறச் சுவர்கள் முன்பு வெள்ளையாக இருந்தவை.

ரப்பர்த் தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து மலாயா வந்தோரில் கிறிஸ்தவர்களும் இருந்தனர்; வேதாகமமும் கீர்த்தனைகளும் அவர்களுடன் வந்தன. இவ்வாலயத்தில் ஆங்கிலம், சீனம் ஆகியவற்றுடன் அவர்களது மொழியான தமிழிலும் ஆராதனை நடைபெறுகிறது. மொழி வேறானாலும் திருவிருந்துப் பீடம் ஒன்றே; சபை வாழ்வின் உயிர்நாடி அதுவே.