ஒரே முகம், இரண்டு தோல்!

மத்தியான வேளையில் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து மூக்கின் மேல் ஒற்றிப் பாருங்கள். பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஆகிறதா? அதே பேப்பரின் இன்னொரு மூலையால் கன்னத்தை ஒற்றுங்கள். ஒன்றுமே இல்லையா? போதாக்குறைக்கு, முகம் கழுவிய பத்தாவது நிமிடம் கன்னம் மட்டும் இழுத்துப் பிடிக்கிறதா?

கவலை வேண்டாம். இதற்குக் கடையில் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. காம்பினேஷன் ஸ்கின்.

பெயர் இருந்தால் அதற்கென்று ஒரு டப்பா இருக்கும். டப்பா இருந்தால் விலை இருக்கும். அலமாரி முழுக்க டே கிரீம், நைட் கிரீம், ஜெல், லோஷன். விற்பனைப் பெண்மணி நம் முகத்தை அரை விநாடி உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதுதான் சார்" என்று ஒன்றை நீட்டுவார். அதுவும் எப்போதும் விலை கூடியதாகவே இருக்கும்.

பர்ஸைத் திறக்கும் முன் ஒரு கேள்வி. டிரை, ஆயிலி, நார்மல் என்று மனிதத் தோலை ஜாதி பிரித்து, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? டாக்டர்களா?

இல்லை. ஒரு வியாபாரி. ஆட்டு மந்தைகளுக்கு நடுவே தொழில் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணி.

*

1896. ஆஸ்திரேலியாவுக்கு வந்த கப்பலிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். வயது 23. பெயர் ஹெலெனா ரூபின்ஸ்டைன். சொந்த ஊர், இன்று போலந்தில் இருக்கும் கிராக்கோவ். யூதக் குடும்பம். எட்டுப் பெண்களில் மூத்தவள்.

போய்ச் சேர்ந்த இடம் விக்டோரியா மாகாணத்தில் கோல்ரெய்ன் என்கிற சின்ன ஊர். அங்கே மாமா ஒருவர் இருந்தார். மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் வெயில், புழுதி, காற்று, ஆடு. ஊர்ப் பெண்களுக்கு முகம் காய்ந்து, வெடித்து, கருத்துக் கிடந்தது. புதிதாக வந்த ஐரோப்பியப் பெண்ணின் முகமோ பளிங்கு. "என்னம்மா பூசிக்கிறே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அம்மா கொடுத்தனுப்பிய கிரீம் என்றார் ஹெலெனா. பின்னாளில் அவரே சொன்ன கதை இது. அவர் சொன்ன கதைகளை எல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் கிரீமுக்கு வேண்டிய முக்கியச் சரக்கு கண்ணெதிரே மேய்ந்துகொண்டிருந்தது என்பது நிஜம்.

ஆட்டு ரோமத்தில் ஒரு கொழுப்பு உண்டு. ஆட்டை மழையிலிருந்து காப்பாற்றுவது அதுதான். அதைச் சுத்தம் செய்து மனிதத் தோலுக்கு ஏற்றதாக மாற்றும் முறையை 1882-ல் ஜெர்மானியர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பெயர், லனோலின். தோலுக்கு நல்லது. ஒரே சிக்கல், நாற்றம். ஹெலெனா லாவெண்டர் போன்ற வாசனைகளைச் சேர்த்து அதை அமுக்கினார். 'வலாஸ்' என்று ஒரு பெயர் வைத்தார். ஆட்டுக் கொழுப்பு என்றால் யார் வாங்குவார்கள்? கார்பேத்திய மலைகளின் அபூர்வ மூலிகை, லிகுஸ்கி என்கிற ஐரோப்பிய டாக்டரின் ரகசியத் தயாரிப்பு என்று விளம்பரம் செய்தார்.

ஒரு டப்பாவின் அடக்க விலை 10 பென்ஸ், விற்ற விலை 6 ஷில்லிங் என்று சொல்வார்கள். அன்றைய கணக்கில் ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அதாவது, பத்து போட்டால் எழுபத்திரண்டு! காமர்ஸ் படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மெல்போர்னில் அழகு நிலையம் திறந்தார். அதற்கு அப்புறம்தான் அவருடைய நிஜமான மூளை வேலை செய்தது. ஒரே கிரீமை எல்லாருக்கும் விற்றால் ஒரு டப்பாவோடு கதை முடிந்துவிடும். உங்கள் தோல் வேறு, உங்கள் அக்காவின் தோல் வேறு என்று சொன்னால்? டாக்டர் மாதிரி நாடி பிடித்து, 'உங்களுக்கு வறண்ட சருமம், உங்களுக்கு எண்ணெய்ச் சருமம்' என்று தனித்தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்தால்?

அதைத்தான் செய்தார். நிலையத்துப் பணிப்பெண்களுக்கு வெள்ளை கோட் மாட்டிவிட்டார். தோலை வகை பிரித்து, வகைக்கு ஒரு கிரீம் விற்ற பெருமை பெரும்பாலும் அவருக்கே தரப்படுகிறது. 1908-ல் லண்டன், 1912-ல் பாரிஸ், 1915-ல் நியூயார்க். 1928-ல் தன் அமெரிக்கக் கம்பெனியை லேமன் பிரதர்ஸுக்கு 73 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்த வருடமே பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. அதே கம்பெனியை 15 லட்சம் டாலருக்குள் திரும்ப வாங்கிப் போட்டார்! தோலைவிட சந்தையை நன்றாகப் படித்தவர்.

*

கிரீம் ஒன்றும் ஹெலெனாவின் கண்டுபிடிப்பு கிடையாது. இரண்டாம் நூற்றாண்டு ரோமாபுரியில் இருந்த மருத்துவர் கேலன் பெயரால் ஒரு கிரீம் இன்றும் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் வழங்குகிறது. தேன்மெழுகு, எண்ணெய், பன்னீர். மூன்றையும் சேர்த்துக் குழைத்தது. பூசினால் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது சில்லென்று இருக்கும். கோல்டு கிரீம் என்ற பெயர் அதனால் வந்தது.

நல்ல பொருள்தான். ஆனால் முகம் தோசைக்கல் மாதிரி மினுமினுக்கும். ராத்திரி பூசிக்கொண்டு படுக்கலாம், பகலில் வெளியே போக முடியாது. இதற்குப் பரிகாரமாக 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு வகை வந்தது. தேய்த்தால் மாயமாக மறைந்துவிடும், பிசுபிசுப்பு இருக்காது. வானிஷிங் கிரீம். பனி போல வெள்ளையாக இருந்ததால் இதற்கு 'ஸ்நோ' என்றும் பெயர். பரோஸ் வெல்கம் கம்பெனி 1892-ல் கொண்டுவந்த ஹேஸலின் ஸ்நோவும், பம்பாயில் பாட்டன்வாலா தயாரித்த ஆப்கன் ஸ்நோவும் நம் தாத்தா, பாட்டி காலத்து பிரபலங்கள். "ஸ்நோ, பவுடர் பூசிக்கிட்டு எங்கே கிளம்பிட்டே?" என்று நம் வீடுகளில் அதட்டுவார்களே, அந்த ஸ்நோ இதுதான்.

பாண்ட்ஸ் கம்பெனியிடம் இரண்டுமே இருந்தன. எதை முன்னால் தள்ளுவது? 1910-களில் அவர்களுடைய விளம்பரக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். இரண்டையும் தள்ளு! ராத்திரிக்கு கோல்டு கிரீம், பகலுக்கு வானிஷிங் கிரீம், எல்லாப் பெண்களுக்கும் இரண்டும் அவசியம். இன்று நீங்கள் பார்க்கும் டே கிரீம், நைட் கிரீம் ஜோடிக்குக் கொள்ளுப்பாட்டி அந்த விளம்பரம்தான்.

அப்புறம் ஒரு வினோதம். 1920-களில் பாண்ட்ஸ் விற்பனை தடுமாறியது. சரக்கில் குறை ஒன்றும் இல்லை. விலை குறைவு! சல்லிசாகக் கிடைப்பது உசத்தியாக இருக்குமா என்கிற சந்தேகம். விலையை ஏற்றாமல் மதிப்பை ஏற்ற என்ன வழி? ருமேனியா நாட்டு ராணி மேரியையே விளம்பரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ராணி பூசினால் மறுபேச்சு உண்டா?

*

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரு அடிப்படைக் கேள்வியை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. தோல் ஏன் காய்கிறது?

எண்ணெய் குறைந்தால் காயும். இதுதான் பொதுவான நம்பிக்கை. 1952-ல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்கிற ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். காய்ப்புக் காய்த்துக் கெட்டியான தோல் துண்டுகளை எண்ணெயில் போட்டார். ம்ஹூம், இளகவில்லை. தண்ணீரில் போட்டார். மெத்தென்று ஆகிவிட்டது!

ஆக, தோலுக்கு மென்மை தருவது தண்ணீர். எண்ணெயின் வேலை, அந்தத் தண்ணீர் ஓடிப்போகாமல் மூடி போடுவது. இந்த ஒரு வரி புரிந்தால் மாய்ஸ்சரைசர் அலமாரியில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எண்ணெய் வழியும் முகத்திலும் தண்ணீர்ப் பஞ்சம் இருக்கலாம். 'எனக்குத்தான் எண்ணெய்ச் சருமம் ஆயிற்றே' என்று மூக்குக்காகக் கன்னத்தைப் பட்டினி போடுவது தப்பு.

சரி, ஒரே முகத்தில் ஏன் இந்த இரண்டு கட்சி? முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையில் ஒன்றுகூடக் கிடையாது. முகத்திலும் நெற்றி, மூக்கு, தாடையில் கூட்டம் அதிகம், கன்னத்தில் குறைவு. அநேகமாக எல்லார் முகமும் கொஞ்சமாவது காம்பினேஷன்தான். அதுவும் வயதோடு மாறும். மார்கழியில் ஒரு மாதிரி, சித்திரையில் ஒரு மாதிரி. வெளியில் அலையும்போது ஒன்று, ஏ.சி. அறையில் எட்டு மணி நேரம் உட்காரும்போது வேறொன்று. ஹெலெனா எழுதிக் கொடுத்தது ஜாதகம் மாதிரி சாசுவதமானது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அதுதான் கோளாறு.

*

டப்பாவில் இன்னொரு வார்த்தை கவனித்திருப்பீர்கள். நான்-காமெடோஜெனிக். காமெடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோல் துவாரங்களை அடைத்துப் பருவோ கரும்புள்ளியோ உண்டாக்காது என்று பொருள். கிரீம் பூசுவதாலேயே பரு வரலாம் என்று 1972-ல் எழுதியவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் கிளிக்மன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் டாக்டர். எந்தப் பொருள் துவாரத்தை அடைக்கும் என்று முயல்களின் காதில் பூசிப் பார்த்தார்கள்.

முயலோடு நிற்கவில்லை. 1951-லிருந்து 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை, கிளிக்மனின் சோதனைச்சாலையாக இருந்தது. உள்ளே நுழைந்தபோது தன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஏக்கர் கணக்கில் தோல் என்று அவரே ஒரு பேட்டியில் சொன்னார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பலர் தண்டனை பெற்றவர்கள்கூட இல்லை, ஜாமீன் கட்டக் காசில்லாமல் விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். சில டாலர்களுக்காக முதுகைக் காட்டினார்கள். கிரீம், வாசனைத் திரவியம் தொடங்கி டயாக்ஸின் விஷம் வரை அவர்கள் மேல் பூசிப் பார்க்கப்பட்டன. என்ன பூசுகிறார்கள் என்று பலருக்கு ஒழுங்காகச் சொல்லப்படவும் இல்லை. பருவுக்கு இன்றும் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் டிரெட்டினாயின் மருந்தின் ஆரம்ப ஆராய்ச்சியும் அந்தச் சுவர்களுக்குள் நடந்ததுதான். கிளிக்மன் 2010-ல் இறந்தார். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-ல் மன்னிப்புக் கேட்டது. ஃபிலடெல்ஃபியா நகரம் 2022-ல் கேட்டது. முதுகில் தழும்போடு வெளியே வந்தவர்களில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

இத்தனைக்கும் அந்த வார்த்தைக்கு அமெரிக்காவிலேயே சட்டப்படி வரையறை கிடையாது. முயல் காது மனித முகத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதும் பின்னால் தெரிந்தது. வார்த்தை இருந்தால் நல்லதுதான். உத்தரவாதம் என்று எண்ண வேண்டாம்.

*

கடைசியில் என்னதான் வாங்குவது?

டப்பாவைத் திருப்புங்கள். முன்பக்கம் எழுதியிருப்பது ஹெலெனா காலத்து வித்தை. பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதுதான் சரக்கு. அதிகம் சேர்த்தது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில் இருக்கும். தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் கிளிசரின் அல்லது ஹயலூரானிக் ஆசிட் முன்வரிசையில் இருந்தால் சந்தோஷம். மெல்லிய மூடி போட டிமெதிக்கோன் இருக்கலாம், பிசுபிசுக்காது. லனோலின், பெட்ரோலியம் ஜெல்லி, கெட்டியான எண்ணெய்கள் முன்னால் நின்றால் அது முழு முகத்துக்கானது இல்லை, காய்ந்த இடத்துக்கு மட்டும்.

ஆக, லேசான லோஷனோ ஜெல்லோ ஒன்று போதும். முகம் கழுவி, லேசான ஈரம் இருக்கும்போதே முகம் முழுக்க மெல்லிசாக. கன்னம் இன்னும் இழுத்தால் அங்கே மட்டும் இன்னொரு தடவை. நெற்றியிலும் மூக்கிலும் பரு வருகிறவர்கள் அங்கே தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. எண்ணெய் போகட்டும் என்று நாளுக்கு ஐந்து தடவை சோப்புப் போடாதீர்கள். மூக்கு மறுபடி சுரந்துகொள்ளும், கன்னம்தான் பாவம். புது கிரீம் எதுவானாலும் காதுக்குப் பின்னால் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். எரிச்சலோ தடிப்போ தொடர்ந்தால் கடைக்காரரிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

விலை? 10 பென்ஸ் சரக்கு 6 ஷில்லிங்குக்கு விற்ற கதையைத்தான் இப்போது படித்தீர்கள். கிளிசரின் இன்றும் மலிவுதான். அடுத்த முறை வெள்ளை கோட் போட்ட யாராவது உங்கள் முகத்தை அரை விநாடி பார்த்துவிட்டு ஒரு டப்பாவை நீட்டினால், வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிப் பார்ப்பதற்கு!