விற்ற வீடும் கட்டாத வீடும்

பொதுப் பணத்தில் கட்டிய வீட்டை அதில் வாடகைக்கு இருப்பவருக்கே விற்றுவிடலாமா? இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டு அனுபவத்தோடு பதில் வைத்திருக்கும் நாடு பிரிட்டன். 1980 முதல் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் கவுன்சில் வீடுகள், அதாவது உள்ளாட்சி மன்றங்களின் வாடகை வீடுகள், குடியிருந்தவர்களுக்கே கைமாறின. இதை மக்களுக்குச் சொத்துரிமை தந்த புரட்சி என்று ஒரு சாராரும், பொதுச் சொத்தைச் சூறையாடிய செயல் என்று இன்னொரு சாராரும் இன்றுவரை பேசிவருகிறார்கள். வரலாற்றைப் பொறுமையாகப் பார்த்தால் இரண்டும் பாதி உண்மைதான். வாங்கிய குடும்பங்களுக்கு நன்மை கிடைத்தது நிஜம். ஆனால் விற்ற வீட்டுக்கு ஈடாக இன்னொரு வீடு கட்டப்படவில்லை. வீட்டின்மேல் பொதுமக்களுக்கு இருந்த உரிமையில் மிகச் சிறிதையே சட்டம் மிச்சம் வைத்தது. பிழை விற்பனையில் இல்லை, இந்த இரண்டில்தான் இருக்கிறது.

கவுன்சில் வீடுகள் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஓல்டு நிக்கல் என்ற சேரியை இடித்துவிட்டு, லண்டன் மாநகர நிர்வாகம் கட்டிய பவுண்டரி எஸ்டேட் 1900இல் திறக்கப்பட்டது. இடித்த சேரியின் கல்லையும் மண்ணையும் குவித்து நடுவில் ஒரு மேடு அமைத்தார்கள். அந்த மேடு இன்றும் ஆர்னால்டு சர்க்கஸ் என்ற பெயரில் இருக்கிறது. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைகளில் மிகச் சிலரே புதுக் குடியிருப்புக்குத் திரும்பினார்கள். வாடகை அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. ஆக, அரசு வீடு என்பது தொடக்கத்தில் நிலையான கூலி வாங்கும் தொழிலாளிக்கே எட்டியது. முதல் உலகப்போர் முடிந்ததும் 1919இல் அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் கொண்டுவந்த சட்டம், வீடு கட்டும் கவுன்சில்களுக்கு மத்திய அரசின் மானியத்தை உறுதிசெய்தது. இரண்டு போர்களுக்கு இடையே சுமார் 11 லட்சம் வீடுகள் எழுந்தன. இரண்டாம் போருக்குப் பிறகு தொழிற்கட்சியின் அனைரின் பெவனும், கன்சர்வேட்டிவ் கட்சியின் ஹெரால்டு மாக்மில்லனும் போட்டி போட்டுக் கட்டினார்கள். 1970களின் முடிவில் நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கவுன்சில் வீட்டில் இருந்தது.

விற்பனை யோசனை பிரதமர் மார்கரெட் தாட்சரோடு பிறந்ததும் அல்ல. 1950களிலேயே கவுன்சில்கள் விரும்பினால் விற்கலாம் என்ற அனுமதி இருந்தது. குடியிருப்பவருக்கு வீட்டை வாங்கும் வாய்ப்பு தரப்படும் என்று 1959 தேர்தல் அறிக்கையில் சொன்னது தொழிற்கட்சி. 1960களின் இறுதியில் பர்மிங்காம் போன்ற நகரங்கள் விற்கவும் செய்தன. தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், அதுவரை கவுன்சிலின் விருப்பமாக இருந்ததைக் குடியிருப்பவரின் உரிமையாக மாற்றியது. மூன்று ஆண்டு வாடகைக்கு இருந்தவருக்குச் சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி. அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விழுக்காடு கூடி, இருபது ஆண்டு இருந்தவருக்குச் சரிபாதி. 20,000 பவுண்டு பெறுமான வீடு 10,000 பவுண்டுக்குக் கிடைத்தது. அதற்கும் கடன் கேட்டால் கவுன்சிலே கொடுக்க வேண்டும் என்றது சட்டம். விண்ணப்பங்களை இழுத்தடித்த நார்விச் கவுன்சிலிடமிருந்து விற்பனைப் பொறுப்பையே அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் எடுத்துக்கொள்ள முயன்றார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1982இல் அரசு வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் அடுக்குமாடி வீடுகளுக்கான தள்ளுபடி 70 விழுக்காடு வரை உயர்ந்தது.

இந்த வீடுகளை வாங்கியவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொத்து என்ற ஒன்றையே அறியாத தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒரு வீட்டைப் பெற்றன. வாசல் கதவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதைக்கூடக் கவுன்சில் அலுவலகம் தீர்மானித்த காலம் அது. அந்தக் கெடுபிடியிலிருந்து விடுபட நினைத்தது நியாயமான ஆசை. ஆனால் அதற்கு விற்பனைதான் ஒரே மருந்து என்று சொல்ல முடியாது. வாடகைதாரரைக் காரணமின்றி வெளியேற்ற முடியாதபடி பாதுகாப்பு தந்ததும் அதே 1980ஆம் ஆண்டுச் சட்டம்தான். கவுன்சில் கெட்ட வீட்டுக்காரராக இருந்தால் அதைத் திருத்துவதற்கான கருவி சட்டத்திலேயே இருந்தது. தள்ளுபடியோ, அந்த நேரத்தில் கவுன்சில் வீட்டில் இருக்கும் அதிர்ஷ்டம் வாய்த்தவருக்கு மட்டும் கிடைத்தது. அவரைவிட ஏழையாக, தனியார் வீட்டில் ஒழுகும் கூரைக்கடியில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அதில் ஒரு பென்னிகூட இல்லை.

விற்பனையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இது: வீட்டை வாங்கியவர் எப்படியும் அதே வீட்டில்தான் இருந்திருப்பார், விற்றதால் எந்த வீடும் மறைந்துவிடவில்லை, வரிசையில் நிற்பவருக்கு என்ன நட்டம்? முதல் பத்தாண்டுக்கு இந்தக் கணக்கு சரி. வாடகை வீடு ஒருவருக்குப் பின் ஒருவராகப் பல குடும்பங்களுக்குப் பயன்படுவது. குடியிருப்பவர் இறந்தாலும் இடம்பெயர்ந்தாலும் சாவி கவுன்சிலுக்குத் திரும்பி, அடுத்த குடும்பத்தின் கைக்குப் போகும். விற்ற வீட்டில் அந்தச் சுழற்சி நின்றுபோகிறது. நட்டம் உடனே கண்ணில் படாமல், 2000க்குப் பிறகு காலியாகியிருக்க வேண்டிய வீடுகள் காலியாகாதபோதுதான் தெரியவந்தது. இன்று இங்கிலாந்தில் 13 லட்சம் குடும்பங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கின்றன. 1,60,000க்கு மேற்பட்ட குழந்தைகள் தற்காலிகத் தங்குமிடங்களில் வளர்கிறார்கள். தோட்டத்தோடு கூடிய நல்ல வீடுகள் முதலில் விலைபோயின. உயரமான கோபுரக் குடியிருப்புகளும் வாங்க வழியற்றவர்களும் கவுன்சிலிடம் எஞ்சினார்கள்.

விற்ற பணத்தில் புதிதாகக் கட்டியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதியைத் தொடக்கூடாது என்று மத்திய அரசு கவுன்சில்களின் கையைக் கட்டிப்போட்டது. 1990 முதல் வருவாயில் முக்கால் பங்கு கடனை அடைக்க ஒதுக்கப்பட்டது. 1970களின் இறுதியில்கூட ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில் கட்டிய கவுன்சில்கள், 1990களின் இறுதியில் சில நூறு வீடுகளுக்கு இறங்கின. 2012இல் டேவிட் கேமரன் அரசு தள்ளுபடியை மறுபடி உயர்த்தியபோது, கூடுதலாக விற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புது வீடு என்று வாக்குறுதி தந்தது, அதுவும் நிறைவேறவில்லை. மறுவிற்பனைக்கு இருந்த கட்டுப்பாடும் பெரும்பாலும் சில ஆண்டுகளோடு சரி. அதற்குமுன் விற்றால் தள்ளுபடியில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும்; பிறகு யாருக்கும் விற்கலாம், எவ்வளவு வாடகைக்கும் விடலாம். இங்கிலாந்தில் இப்படி விற்ற அடுக்குமாடி வீடுகளில் பத்தில் நான்கு தனியார் வாடகைக்குப் போய்விட்டதாக 2017இல் 'இன்சைட் ஹவுசிங்' இதழ் கண்டறிந்தது. தான் மலிவாக விற்ற வீட்டையே கவுன்சில் வீடற்றவர்களுக்காகச் சந்தை வாடகைக்கு எடுக்கும் வேடிக்கை லண்டனில் நடந்துவருகிறது.

சிங்கப்பூரைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. நம் உறவினர்கள் பலர் வாழும் வீவக வீடுகள் விற்பனைக்கு விட்டவைதானே என்பார்கள். உண்மை. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1964 முதல் வீடுகளை விற்கிறது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வாங்கலாம். இன்று குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே விற்கப்படுவது 99 ஆண்டுக் குத்தகை. நிலம் அரசிடமே இருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு தானே குடியிருக்க வேண்டும்; ஒரு குடும்பம் ஒரு சமயத்தில் ஒரு வீவக வீட்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கழகம் கட்டுவதை நிறுத்தவேயில்லை. அங்கும் மறுவிற்பனை விலை வெகுவாக ஏறியிருக்கிறது என்பது மெய்தான். என்றாலும் குத்தகை முடிந்ததும் வீடு பொதுவுக்கே திரும்பும் என்ற கதவு திறந்திருக்கிறது. எனவே சிங்கப்பூர் உதாரணம் பிரிட்டனின் கொள்கைக்கு ஆதரவாக நிற்காது. அதில் விட்டுப்போனது என்ன என்பதைத்தான் காட்டும்.

பிரிட்டனே மெல்ல இந்த முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் வாங்கும் உரிமையை ஒழித்தன. இங்கிலாந்து 2024 நவம்பரில் தள்ளுபடியின் உச்சவரம்பை இடத்துக்கு ஏற்ப 16,000 முதல் 38,000 பவுண்டு வரை என்று வெட்டியது. பொது வீட்டை விற்க நினைக்கும் எந்த அரசும் மூன்று நிபந்தனைகளை முதலில் சட்டமாக்க வேண்டும்: விற்ற பணம் முழுவதும் புது வீட்டுக்கே போக வேண்டும், நிலம் பொதுவின் கையில் இருக்க வேண்டும், மறுவிற்பனையில் முதல் உரிமை அரசுக்கே இருக்க வேண்டும். இவற்றை ஏற்க மனமில்லாத அரசு, விற்காமல் வாடகைக்கே விட்டுவைப்பது நல்லது.